ஈரக் கிரவல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வாகனம் ஓட்டிய முதல் ஆளும் நான்தான். இரண்டையும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு முச்சக்கர வண்டி வந்தால், எதிரே நடப்பவர் யாராவது ஒரு வீட்டுப் படியில் ஏறி நின்றுதான் வழி விட வேண்டும். அப்பா துறைமுகத்தில் சுமை இறக்கினார். அம்மா வேறு வீடுகளில் சமைத்தார். இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. நான் உயர்தரம் வரை படித்து, ஆங்கிலமும் சிங்களமும் பிழையில்லாமல் எழுதக் கற்று, வெள்ளவத்தையில் ஒரு கார் சேலில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒழுங்கையில் இருந்தவர்கள் என்னை "ஒபிஸ் மிஸ்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கேலியாகத்தான். எனக்கு அது கேலியாகப் படவில்லை.

கார் சேல் என்பது ஜப்பானில் ஓடி முடித்த கார்களைக் கப்பலில் இறக்கி, மினுக்கி, விற்கிற இடம். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். ஆட்களோடு கதைப்பதைவிடக் கார்களின் போனற்றைத் தட்டிக்கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. வெள்ளவத்தை அந்த நாட்களில் காத்திருக்கிறவர்களின் ஊராக இருந்தது. லொட்ஜ் அறைகளில் குடும்பம் குடும்பமாக விசாவுக்குக் காத்திருந்தார்கள். விசா வந்தவர்கள் காரைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அதே காரை, புதிதாக வந்து காத்திருக்கத் தொடங்கிய யாரோ வாங்கினார்கள். "நீங்கள் எப்ப போறியள்?" என்று என்னிடமும் கேட்பார்கள், மதியம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல. "நான் போகல்ல" என்று சொன்னால் நம்பமாட்டார்கள். எங்களைக் கூப்பிட வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. அதைச் சொல்ல விருப்பமில்லாமல், எனக்குப் போக விருப்பமில்லை என்று சொல்வேன்.

எனக்கு ஓட்டக் கற்றுத் தந்தது கார் சேலின் பின்பக்கத்து யார்ட். வாய்க்காலுக்குப் பக்கத்துப் பள்ளக் காணி அது. மழை பெய்தால் களியாகிவிடும். கார்களை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது. வேலைக்காரப் பெடியள் அக்சிலேட்டரை ஓங்கி மிதிப்பார்கள், சில்லு சுழன்று பள்ளம் தோண்டும், பிறகு நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். நான் இரண்டாம் கியரில் போட்டு, காலை வைத்ததும் வைக்காததுமாக வைத்து, வெளியே கொண்டு வந்துவிடுவேன். முதலாளியின் அக்கா மகன், அவருக்கு மருமகன் முறை, அங்கே விற்பனை வேலைக்கு நின்றான். என் வயதுதான். அவன் சொல்வான்:

"மிஸ்ஸுக்குச் சேறு கண்டா எருமைக்குக் குளம் கண்ட மாதிரி."

"எருமை வெளிய வந்திட்டு. நீங்க விட்ட கார்தான் இன்னும் உள்ள நிக்குது" என்றேன்.

முதலாளி சிரிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தச் சேற்றில்தான் அவர் என்னை ஒரு ஓட்டுநராகக் கவனித்திருக்க வேண்டும்.

யார்ட்டின் மூலையில், தகரக் கூரைக்குக் கீழே, உறை போட்டு மூடிய ஒரு கார் நின்றது. இரண்டு கதவு, கடும் நீலம், டர்போ. முதலாளி தன்னுடைய மகனுக்காக எடுத்தது. மகனை இங்கே பிடித்து வைக்க வேண்டுமென்றால் அவனுக்குப் பிடித்த ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாராம். இலக்கத் தகடு வருவதற்கு முன்பே மகன் கனடாவுக்குப் போய்விட்டான். பிறகு முதலாளி அந்தக் காரை விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. தெமட்டகொடையில் ஒரு கராஜ் வைத்திருந்த மெக்கானிக்கை, எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிறவரை, வரவழைத்து, அதன் எஞ்சினின் பலத்தைக் கூட்டிக் கூட்டிச் செய்வித்தார். மகனுக்கு அனுப்ப முடியாததையெல்லாம் அதற்குள் போட்டார் போல.

டர்போ எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு இதை மட்டும் சொன்னால் போதும். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். காலை மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு நேரம் கார் யோசிக்கும். பிறகு யாரோ சீற்றின் பின்னால் உதைத்ததுபோல எல்லாம் ஒன்றாக வரும். தார் ரோட்டில் அது ஆனந்தம். ஈரக் கிரவலில், அந்தச் சிவப்புச் சரளை மண்ணில், அந்த உதை நிலத்தைத்தான் கிளறும், கார் நின்ற இடத்தில் நிற்கும். பயந்து காலை எடுத்தாலோ, சேர்த்து வைத்த காற்றெல்லாம் போய்விடும். மறுபடியும் அந்த மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே ஈரக் கிரவலில் டர்போ ஓடுகிறவருக்கு ஒரே வேலை: அதிகம் மிதிக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஒரு நாள் முதலாளி என்னை அந்தக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். உறையை எடுத்துவிட்டிருந்தார்.

"பிள்ளை, மகன் இனி வரமாட்டான். போனில சொல்லிப்போட்டான். உது நிண்டு துருப்பிடிக்குது. கேட்டுக்கொண்டு ரெண்டு பேர் நிக்கினம்."

"விக்கப் போறீங்களா சேர்?"

"கிரவல் மீற் ஒண்டு வருகுது, கார்ப் போட்டி. நேர் ஓட்டம், ரெண்டு ரெண்டு காரா. நீர் ஓடும். வெண்டா நான் விக்கமாட்டன். வாற மீற் எல்லாத்திலயும் நீர்தான் ஓடுறது. தோத்தா அடுத்த கிழமையே குடுத்திடுவன்."

"ஏன் சேர் நான்? உங்கட மருமகன் இருக்கிறார் தானே?"

"அவனுக்குக் கால் இல்லை, உலக்கை."

அவர் நீளமாகக் கதைத்ததை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. நான் அன்றைக்கு வீட்டுக்கு பஸ்ஸில் போகையில் நின்றபடியே வலது காலால் தரையை மெதுவாக அமுக்கிக்கொண்டு போனேன்.

அந்த சீற் எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அப்போது யாருக்கும் விளங்கப்படுத்தியிருக்க மாட்டேன். அது யுத்த காலம். காலையில் வேலைக்குப் போகும்போது சோதனைத் தடையில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். வரிசையில் நின்று ஐசியை, அடையாள அட்டையை, நீட்ட வேண்டும். அதில் பெயர் இரண்டு மொழியிலும் இருக்கும், என்றாலும் வாயால் சொல்லச் சொல்வார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எங்கே இருக்கிறாய். நான் சுத்தமான சிங்களத்தில் பதில் சொல்வேன். சுத்தமாகச் சொன்னால் இன்னும் ஒரு கேள்வி கூடும். மாலையிலும் அதே வரிசை. படித்தேன், வேலை செய்தேன், தலையை நிமிர்த்தி நடந்தேன். அந்த வரிசையில் எதுவும் எடுபடவில்லை. அந்த நீலக் காருக்குள், கோட்டிலிருந்து கோடு வரைக்கும் உள்ள சில விநாடிகளில், யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. அவ்வளவுதான் நான் விரும்பியது. அதுவும் பெரிய ஆசைதான் என்று இப்போது தெரிகிறது.

பாஸ் சிங்களவர், முப்பது வயது இருக்கும். தெமட்டகொடைத் தோட்ட வீடுகளில், தமிழ்ச் சனத்தோடு நெருக்கமாக வளர்ந்ததால் தமிழை உடைத்து உடைத்துத் தைரியமாகக் கதைப்பார். சிங்களத்தில் அண்ணன் அய்யே, தங்கச்சி நங்கி; அவருக்கு நான் நங்கி. காரை என்னிடம் கொடுத்த முதல் நாளே எங்களுக்குள் சண்டை. ஜப்பான் கார் ஒன்றின் டிக்கியில் கிடந்த ஆங்கில மோட்டார் சஞ்சிகைகளை நான் மதிய இடைவேளையில் வாசிப்பதுண்டு. அதில் மணலிலும் சேற்றிலும் ஓடுவதைப் பற்றி எழுதியிருந்தார்கள். டர்போ தள்ளுகிற காற்றை, அதுதான் பூஸ்ட், குறைக்க வேண்டும், டயரிலும் காற்றைக் குறைக்க வேண்டும், இரண்டாம் கியரில் எடுக்க வேண்டும் என்றேன்.

"பூஸ்ட் கொறச்சா கார் சாகும் நங்கி. இது டர்போ. பேபி சைக்கிள் இல்ல."

"கிரவல்ல அவ்வளவு பூஸ்ட் என்னத்துக்கு? நிலத்தைத் தோண்டவா?"

"படிச்ச நங்கி ஜப்பானுக்குப் போய் சொல்லு. அவன் தெரியாம செஞ்சது."

களுபோவில ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனால், சதுப்பை நிரப்பிக் கிரவல் கொட்டி வைத்திருந்த ஒரு காணி இருந்தது. முதலாளிக்குத் தெரிந்தவருடையது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அங்கே ஓடிப் பார்த்தோம். பாஸ் வைத்த பூஸ்ட்டில் ஓடியபோது பின் சில்லுகள் இரண்டும் இரண்டு வாய்க்கால் வெட்டின. என் கணக்கின்படி குறைத்ததும் கார் ஒரு குலுக்கலோடு புறப்பட்டு நேராகப் போனது. நான் திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினேன். பாஸ் சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு, "ஹரி. ஒருக்கா சரி" என்றார். பிறகு எல்லாவற்றையும் குறைத்தே வைத்தார். அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை, நானும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்ட மிகவும் விருப்பமாக இருந்தது.

காணியின் மறு முனையில் மருமகன் மஞ்சள் மழைக்கோட்டோடு நிற்பான். நான் கடக்கும்போது ஒரு துவாயை விசுக்குவான். அதுதான் எங்கள் முடிவுக் கோடு.

"பூசைக்குப் போகாம எங்க போய் உழுதிட்டு வாற?" என்று அம்மா கேட்பார். என் காற்சட்டை முழங்கால் வரை சிவப்பாக இருக்கும்.

"ஒபிஸ் வேல."

"ஞாயித்துக்கெழமை ஒபிஸா? கோயில்ல எல்லாரும் என்னயத்தான் கேக்குறாங்க. மக எங்க, மக எங்கன்னு. நான் என்ன சொல்ல, சேத்துல கெடக்குறான்னா?"

அப்பா என் ஓட்டத்தைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கதைத்தார், அதுவும் இந்தக் கார் வருவதற்குக் கன காலத்துக்கு முன்பு. சுமை தூக்கி அவருடைய முதுகு பிடித்துக்கொண்டது. கார் சேல் வானைக் கேட்டு வாங்கி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அப்பாவுக்கு முன்னால் ஓட்டுகிறேன் என்ற பெருமையில் கொஞ்சம் வேகமாக வந்திருப்பேன். மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமிக்காரர் கையைத் தூக்கினார். நான் பிரேக்கைப் பிடித்தேன், ஆனால் பிந்திப் பிடித்தேன். இரண்டாவது ஆளின் துவக்கு எங்கள் கண்ணாடிக்கு நேராக உயர்ந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. ஐசியைப் பார்த்தார்கள், அப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கை முனையில் இறங்கும்போதுதான் அப்பா சொன்னார்.

"அவன் கையத் தூக்க முந்தி ஒன்ட கால் தூக்கணும் மகள். உள் லைட்டப் போடு. ஒன்ட மூஞ்சி அவனுக்குத் தெரியணும்."

"நான் என்ன களவா எடுத்தேன்? நான் ஏன் மூஞ்சி காட்டணும்?"

"இது நியாயம் கேக்குற எடமா?"

அதற்குப் பிறகு அப்படியே செய்தேன். ஆமிக்காரரையோ, தடைக்காக ரோட்டில் வைத்த பீப்பாயையோ கண்டவுடன் கால் எடுபடும், இடது கை மேலே போய் உள் லைட்டைப் போடும், தலைலைட் டிம் ஆகும், கண்ணாடி இறங்கும். கார்களை வாங்கியவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய் விடுவதும் என் வேலையாக இருந்ததால், ஒரு நாளைக்குப் பல தடவை செய்ய வேண்டியிருந்தது. இது பயம் இல்லை, கியர் மாற்றுவதுபோல ஒரு பழக்கம், நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குப் பயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மீற் நடந்த இடம் நகரத்துக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு நீண்ட கிரவல் திடல். சனம் நிறைய. கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் கோட்டில் நிற்கவும் பக்கத்து முகாமிலிருந்து ஆமிக்காரர்கள் உதவிக்கு வந்திருந்தார்கள். கடலைக்காரர்கள், ஐஸ்கிறீம் வான், ஒலிபெருக்கி. எல்லோருக்கும் அது ஒரு நல்ல நாள்தான். ஒலிபெருக்கிக்காரர் என்னைக் கண்டதும் சிங்களத்தில், "கொழும்பிலிருந்து ஒரு நோனாவும் வந்திருக்கிறா, தள்ளி நில்லுங்கோ எல்லாரும்" என்றார். நோனா என்றால் சீமாட்டி. சனம் சிரித்தது. பக்கத்துக் காரின் சாரதி கண்ணாடியால் தலையை நீட்டி, "நங்கி, பிரேக் எதெண்டு தெரியும்தானே?" என்று கேட்டார். "அது எனக்குத் தேவைப்படாது அய்யே" என்றேன், சிங்களத்தில், சுத்தமாக. அவருடைய ஆட்களே கை தட்டினார்கள்.

அவரை வென்றேன். அடுத்த சுற்றில் இன்னொருவரையும் வென்றேன். வெயிலில் மேல் மண் காய்ந்து பொடியாகக் கிடந்தது. எல்லோரும் புறப்படும் இடத்திலேயே புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றபோது, நான் மெதுவாகப் புறப்பட்டு, நடுவில் பிடித்து, முந்தினேன். முடிவுக் கோட்டில் கொடி பிடித்த ஆமிக்காரர் அந்த நேரமெல்லாம் ஒரு தறப்பாள் கூரையின் கீழ் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இருந்த இடத்திலிருந்தே கொடியை அசைத்தார். நான் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

கடைசி ஓட்டத்துக்கு முன் மழை வந்தது. திடல் கறுத்துச் சிவந்தது. நேரம் பின்னேரம்தான், ஆனால் வானம் மூடி இருட்டிவிட்டது. மருமகன் குடையோடு ஓடி வந்து, "மிஸ், இது உங்கட யார்ட் மிஸ், உங்கட சொந்த யார்ட்!" என்று கத்தினான். அவனுக்கும் அன்று நான் வெல்ல வேண்டும் என்றிருந்தது. பாஸ் டயர் காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டு, கண்ணாடிக்குள் தலையை விட்டார்.

"நங்கி, கால் எடுக்க வேணாம். என்னா வந்தாலும். சறுக்கினா சறுக்கட்டும். கால் அங்கதான்."

"தெரியும்."

முதலாளி முடிவுக் கோட்டுப் பக்கம் போய் வேலியோரம் நின்றுகொண்டார்.

எனக்கு எதிரே ஓடியது ஒரு வெள்ளைக் கார், என்னுடையதைவிடப் பலமானது. கொடி விழுந்ததும் அது அடி வயிற்றால் அலறிக்கொண்டு சேற்றை வாரியடித்தது. நான் இரண்டாம் கியரில், முட்டை மேல் கால் வைத்ததுபோல வைத்து எடுத்தேன். கார் பின்பக்கம் ஒருமுறை அசைந்தது, நேரானது. காற்றுச் சக்கரம் விசிலடிக்கத் தொடங்கியது. உதை வந்தது, சறுக்கல் வந்தது, நான் காலை எடுக்கவில்லை, கூட்டவும் இல்லை. அது தானாகப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் கியர். வெள்ளைக் கார் என் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது, முழுதாக, பின்னால். வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. சனத்தின் சத்தம் கேட்கவில்லை. நான் நினைத்த அந்தச் சில விநாடிகளுக்குள் நான் இருந்தேன். ஒருவரும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை.

பிறகு மழைக்குள் ஒரு ஆள் தெரிந்தார். பச்சை உடுப்பு, தோளில் துவக்கு, ஓட்டப் பாதையின் ஓரத்தில். அவர் கையைத் தூக்கினார்.

அடுத்து எனக்குத் தெரிந்தது விசில் சத்தம் நின்றதுதான். கார் முன்னுக்குக் குனிந்தது. நான் மறுபடி மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை, அந்த மூச்சு நேரம். அந்த மூச்சு நேரத்தில் வெள்ளைக் கார் என் வலப்பக்கத்தால் சேற்றை என் கண்ணாடி முழுக்க எறிந்துகொண்டு போய்விட்டது. உதை வந்தபோது நான் கோட்டைத் தாண்டியிருந்தேன், இரண்டாவதாக.

காரை நிறுத்தினேன். பாஸ் திடல் நீளத்துக்கும் மழையில் ஓடி வந்து, என்னைப் பார்க்காமல் போனற்றைத் திறந்தார்.

"பைப் கழண்டிருக்கும். நான் சொன்னது தானே, அந்தக் கிளிப் சரியில்ல. பூஸ்ட் போச்சு, எனக்கு அங்க கேட்டது."

"பைப் கழரல்ல. நான் கால எடுத்தேன்."

"என்னா?"

"கால எடுத்தேன் பாஸ்."

"ஏன் நங்கி? சறுக்கல்ல. நேரா வந்தது! ஏன்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. முதலாளி வேலியோரத்திலிருந்து நடந்து வந்தார், மருமகன் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். முதலாளி போனற்றுப் பக்கம் போகவில்லை. என் கண்ணாடிக்குள் கையை விட்டு, கூரையில் இருந்த சுவிட்சை அணைத்தார். அப்போதுதான் உள்ளே இருட்டானது எனக்குத் தெரிந்தது. அதுவரை வெளிச்சமாக இருந்திருக்கிறது.

"உள் லைட் எரிஞ்சுகொண்டு வந்தது பிள்ளை" என்றார்.

நான் என் இடது கையைப் பார்த்தேன். மூன்றாம் கியரைப் போட்டுவிட்டு அது எப்போது மேலே போனது, எப்போது சுவிட்சை அமுக்கியது, எதுவும் நினைவில்லை. காலைப் பற்றியாவது எனக்கு ஒரு உணர்வு இருந்தது. கை என்னிடம் கேட்கவே இல்லை. அவ்வளவு வேகத்தில், வெற்றிக்குக் கொஞ்சத் தூரத்தில், என் முகத்தை அந்த ஆமிக்காரருக்குக் காட்டியிருக்கிறேன். வேலியோரம் நின்ற முதலாளி என்னைத் தெளிவாகப் பார்த்திருப்பார்.

"மிஸ்ஸிட்ட ஐசி கேட்டவனோ?" என்றான் மருமகன். சிரிக்க வைக்கத்தான் கேட்டான். யாரும் சிரிக்காததைக் கண்டு குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

பாஸுக்கு விளங்க நேரமெடுத்தது. முடிவுக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆமிக்காரர் மழை குறைந்துவிட்டதால் மறுபடி கதிரையில் இருந்து ஒரு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஈரக் கொடி. தறப்பாளிலிருந்து தண்ணீர் கொட்டியதால்தான் வெளியே வந்து நின்றிருக்கிறார். தூக்கிய கையில் கொடி இருந்தது. நான் கொடியைக் காணவில்லை.

"அவன் கொடி போட்டது நங்கி" என்றார் பாஸ், மெல்லமாக. "பாவம், சின்ன ஆள். வீடு தூரமா இருக்கும்."

"எனக்குத் தெரியும்."

"நான் பல்ப்ப கழட்டியிருக்கோணும். பல்ப் கழட்டினா..."

"கழட்டிப்போட்டு வீட்டை எப்பிடிப் போறது?" என்றார் முதலாளி.

பாஸ் போனற்றை மூடினார். வழக்கமாக அடித்து மூடுவார். அன்று இரண்டு கையாலும் அமுக்கி மூடினார்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். முதலாளி பக்கத்தில் இருந்தார். இன்னும் ஒரு தடவை ஓட விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அவர் சம்மதித்திருக்கவும் கூடும். அவர் சில தடவை தொண்டையைச் செருமினார், நான் கேட்பதற்கு இடம் விட்டதுபோல. நான் கேட்கவில்லை. என் பெருமைதான் விடவில்லை என்று அவர் நினைத்திருப்பார். அது இல்லை. கேட்டால் நான் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும், அடுத்த தடவை காலை எடுக்கமாட்டேன் என்று. அந்த வாக்கு பொய்யாகிவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நகரத்துக்குள் நுழைகிற இடத்தில் பீப்பாய்கள் தெரிந்தன. என் கால் எடுபட்டது, என் கை மேலே போனது. இந்தத் தடவை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். கவனித்துக்கொண்டிருந்தும் அது எனக்கு முன்னால் போய்விட்டது. பக்கத்தில் முதலாளியின் கையும் பாதி வழி வரை சுவிட்சை நோக்கி உயர்ந்து, என் கையைக் கண்டு இறங்கியது.

கார் அடுத்த கிழமையே விலைப்பட்டது. முதலாளி சொன்னபடி செய்கிறவர். அவர் முகத்தில் நான் கோபத்தைக் காணவில்லை, எதையுமே காணவில்லை. மூலையில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வான் வந்து நின்றது. பாஸ் கார் போவதற்கு முன் ஒரு தடவை வந்து, பூஸ்ட்டைப் பழைய அளவுக்குக் கூட்டிவிட்டார். "வாங்குறவன் தார் ரோட்டில ஓடுவான். அவனுக்கு என்னா" என்றார். பிறகு, "நங்கி சொன்ன கணக்குச் சரி. ரெண்டு தரம் சரி" என்றார். அவர் அதைச் சொன்னதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். சந்தோஷம் வரவில்லை.

மருமகன் கனடா பேப்பர் சரிவந்து போய்விட்டான். நான் இன்னும் அதே மேசையில் இருக்கிறேன். மழை பெய்தால் யார்ட்டில் கார்களை நகர்த்துகிறேன். புதிதாக வந்த பெடியளும் சில்லைச் சுழற்றிப் பள்ளம் தோண்டுகிறார்கள், நான் போய் வெளியே எடுத்துக் கொடுக்கிறேன். அவர்களுக்கு அது ஒரு வித்தை. "மிஸ் ரேஸ் ஓடியிருக்கலாம்" என்கிறார்கள். நான் ஓடினேன் என்று சொல்வதில்லை.

அந்த நீலக் காரை வாங்கினவரின் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான், அதுவும் என் வேலை என்பதால். காலிக்குப் போகிற பெரிய வீதியில் ஏறியதும் முதல் சோதனைத் தடை. காலை எடுத்தேன், லைட்டைப் போட்டேன், கண்ணாடியை இறக்கினேன், ஐசியை நீட்டினேன். இளம் ஆமிக்காரர் ஒருவர் ஐசியைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அவருடைய கண் காரில் இருந்தது. டாஷ்போர்டில் பாஸ் பூட்டிய பூஸ்ட் மீற்றரைக் குனிந்து பார்த்தார். அது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். காற்று அளக்கிறது என்றேன். நல்ல கார் என்றார். கூரையை மெல்லத் தடவினார், ஆசையோடு. அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"எவ்வளவு வேகம் போகும் நங்கி?"

"தெரியாது அய்யே" என்றேன். அவர் கேட்ட கேள்விகளில் உண்மையாகவே எனக்கு விடை தெரியாதது அது ஒன்றுதான்.

அவர் சிரித்து, கையை அசைத்துப் போகச் சொன்னார். அடுத்த தடை கிட்டத்திலேயே இருந்ததால் நான் லைட்டை அணைக்கவில்லை.